அயிலைக் குழு: மே மாதக் குறிப்புகள்

மே 5, 2025, திங்கள்

கோவில் ஹாலில் பிள்ளைகளுக்கான கோடை முகாம் தொடங்கியாச்சு. ஒன்பது மணி என்று சொல்லியிருந்தோம், எட்டுக்கே வாசலில் பிள்ளைகள். குழுக்களுக்கு மீன் பெயர் வைக்கலாம் என்றதும் சண்டை. எல்லாருக்கும் நெய்மீன்தான் வேண்டும், சாளை ஒருத்தருக்கும் வேண்டாம். "சாளை வெல கொறஞ்ச மீனுக்கா." கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். எனக்கு வந்தது அயிலை. ஏழு வயது முதல் பத்து வயது வரை 17 பேர்.

காலையில் எண்ணினேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் எண்ணினேன். சாயங்காலம் அம்மாமார் கையில் ஒப்படைக்கும்போதும் எண்ணினேன். 17.

மே 6, செவ்வாய்

போன வருஷம் இதே தேதியில்தான் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவம் படித்த பிள்ளைகள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. காலையிலிருந்து அதே நினைப்பு.

பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துக் கள்ளக்கடல் பற்றிப் பேசினேன். எங்கேயோ இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் அடிக்கும். அங்கே கிளம்பிய அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, சில நாள் கழித்து நம்ம கரையில் ஏறும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, பார்த்தால் சாதாரண நாள் மாதிரிதான் இருக்கும். அதனால் முகாம் நேரத்தில் யாரும் கல் சுவரைத் தாண்டக் கூடாது.

சிரிக்கிறார்கள். "எங்களுக்குக் கடலு தெரியும்க்கா" என்கிறாள் எட்டு வயதுக்காரி. அவளுடைய தாத்தா, மாமா எல்லாரும் கடலில்தான். தெரிந்தவர்களையும்தான் அது கொண்டுபோயிருக்கிறது. எனக்குத் தெரியாதா? இதற்கு மேல் எழுத வேண்டாம்.

மே 8, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட். எனக்குத் துணையாக வரும் தங்கச்சி பாஸ். நானூற்றுச் சொச்சம் மார்க். பதினேழு பேரும் அவளைச் சுற்றி நின்று கத்தியதில் இன்று பாட்டு வகுப்பு நடக்கவில்லை. நடக்காதது நல்லதுதான்.

மே 9, வெள்ளி

கீப்பரைப் பற்றி எழுத வேண்டும்.

பெயர் வேறு, எல்லாரும் கூப்பிடுவது கீப்பர் என்றுதான். வயது எட்டு. இந்தப் பக்கத்து ஊர்களில் பிள்ளை நடக்கத் தொடங்கும்போதே பந்து உதைக்கும். எல்லாருக்கும் ஃபார்வர்ட் ஆடணும், கோல் அடிக்கணும். இவன் மட்டும் கோல்போஸ்டை விட்டு வரமாட்டான். அதுவும் வடக்குப் பக்கத்து போஸ்ட் மட்டும்தான். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறச் சொன்னால் அப்படியே உட்கார்ந்துவிடுவான். முதலில் பிடிவாதம் என்று நினைத்தேன். இன்று அவன் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். அங்கே நின்றால்தான் முகம் கடலைப் பார்த்திருக்கிறது.

அப்பா தங்கல் படகில், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் படகில், போயிருக்கிறார். கொச்சியிலிருந்து புறப்பட்டதாம். கரைக்கு வந்தால்தான் போன்.

"தடைக்காலம் வந்தா வருவாருக்கா. இன்னும் 22 நாளு உண்டு."

சின்னமுட்டத்தில் மாமா வீடு உள்ள ஒருத்தி குறுக்கே விழுந்தாள்: எங்க மாமா அப்பமே வந்தாச்சே, தடைக்காலம் தொடங்கியாச்சே. கீப்பர் அவளைத் தள்ளிவிட்டான். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடல் கணக்கு, ஏப்ரல் 15-லேயே படகைக் கட்டிவிடுவார்கள். நமக்கு மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பிள்ளையின் அப்பா வீட்டில், இன்னொரு பிள்ளையின் அப்பா நடுக்கடலில். தரையில் மாவட்டப் படம் வரைந்து காட்டினேன். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் சேர்ந்து மட்டிப்பழம் தின்றார்கள்.

22 என்று கேட்டதுமே யோசிக்காமல் சொன்னானே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. கன்னியாகுமரியில் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறும் என்று சொன்னேன். இங்கேயும் வேண்டுமாம்.

மே 14, புதன்

என்ன வெயில். ஹாலில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் இல்லை. வெளி விளையாட்டை எல்லாம் நாலு மணிக்கு மேல் தள்ளிவிட்டோம். மத்தியானம் தென்னை ஓலையில் காத்தாடியும் பாம்பும் பின்னினோம். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து சொல்லிக்கொடுத்தார். "மக்களே, ஓலைய இழுக்காத, மடக்கு." இருபது வீடியோ பார்த்தாலும் வராதது அந்தப் பாட்டியின் விரலைப் பார்த்ததும் எல்லாருக்கும் வந்துவிட்டது.

கீப்பர் ஓலையைத் தொடவில்லை. படகு வரைந்தான். மேலே ஒரு பெட்டி.

"இது என்னதுடே?"

"புயலு வந்தா இதுல மெசேஜ் வரும். அப்பா படகுல உண்டு."

ஒக்கி புயல் வந்த வருஷம் பிறந்தவன். 2017 நவம்பர் 30 அன்று அந்தப் பெட்டி எந்தப் படகில் இருந்தது? கரையில் எச்சரிக்கை வந்தபோது தங்கலுக்குப் போனவர்கள் போய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அவர்களுக்கு யார் சொல்ல முடியும்? அண்ணனுக்கு யார் சொன்னார்கள்?

பெட்டியில் மெசேஜ் வரும். சரி. வரட்டும்.

மே 17, சனி

மாத்தூர் தொட்டிப்பாலம். வேனில் ஏறுமுன் 17, இறங்கியதும் 17.

கடல் அலையில் தலைகீழாகப் பாயும் பிள்ளைகள் பாலத்தில் நாலடி வைத்ததும் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டார்கள். கீழே பறளியாறு 115 அடி ஆழத்தில். "அக்கா, கீழ பாக்காதீங்க" என்று எனக்கு அறிவுரை வேறு. 28 தூணையும் எண்ணிக்கொண்டே நடந்தோம், எண்ணியதில் பயம் போய்விட்டது. 1966-இல் காமராஜர் முயற்சியில் கட்டியது, இந்த மலைக்கும் அந்த மலைக்கும் நடுவே தண்ணீர் போக ஒரு தொட்டி என்று சொன்னேன். "தண்ணிக்கு இவ்ளோ பெரிய பாலமா?" என்று ஒருத்தன் வாயைப் பிளந்தான். ஆமாம், விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வயலுக்கெல்லாம் அதில்தானே தண்ணீர்.

நடுப்பாலத்தில் கீப்பர் நின்றுவிட்டான். இங்கேயிருந்து கடல் தெரியுமா என்று கேட்டான். தெரியாது, மரம்தான் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஓடிப்போய் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டான். திரும்பும் வழியில் வேனில் எல்லாரும் தூக்கம். நான் மட்டும் முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி எண்ணிக்கொண்டு வந்தேன்.

மே 20, செவ்வாய்

இன்று யாரும் அழவில்லை.

மே 24, சனி

பருவமழை கேரளத்தில் இறங்கிவிட்டது. ஜூன் ஒன்றாம் தேதி கணக்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டது. இங்கேயும் காலையிலிருந்து காற்றும் மழையும். கடலுக்குப் போக வேண்டாம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே போகிறார்கள். போகாதவர்களுக்குத்தானே அது கேட்கும்.

முகாம் இல்லை. எண்ண ஆளில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருக்கிறது.

மே 25, ஞாயிறு

கொச்சிக்கு அப்பால் சரக்குக் கப்பல் ஒன்று மூழ்கிவிட்டது. எம்எஸ்சி எல்சா 3. நேற்றே சாய்ந்ததாம். 640 பெட்டகங்கள். கப்பலில் இருந்த 24 பேரையும் காப்பாற்றிவிட்டார்கள் என்று டிவியில் சொன்னதும் அம்மா நெற்றியில் சிலுவை போட்டார். அப்புறம் டிவியை அணைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். இந்த வீட்டில் கடல் செய்தியை முழுதாகக் கேட்பதில்லை.

அவ்வளவு பெரிய கப்பலே என்றால். வேண்டாம்.

மே 26, திங்கள்

வந்தவர்கள் 14 பேர். மூன்று பேருக்குக் காய்ச்சல்.

கீப்பர் வந்தான். மழையால் ஹாலுக்குள்ளேயே கிளியாந்தட்டு. அவன் ஆடவில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றேன். என்ன சொல்ல? "அப்பா வந்துவிடுவார்" என்று சொல்ல என் வாய்க்கு வராது. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், டிசம்பர் முழுக்கச் சொன்னார்கள். பிள்ளைகளிடம் தெரிந்ததை மட்டும் சொல்லணும். அதனால் தெரிந்ததைச் சொன்னேன்: கப்பல் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள், கப்பலில் இருந்தவர்கள் எல்லாரும் பிழைத்துவிட்டார்கள், அப்பா படகில் பெட்டி இருக்கிறது.

"இன்னும் அஞ்சு நாளுக்கா" என்றான்.

மே 28, புதன்

அடுத்த தெருப் படகு கொச்சியில் தோப்பும்படித் துறைமுகத்தில் கரை பிடித்துவிட்டதாகப் போன் வந்திருக்கிறது. கீப்பர் அப்பாவின் படகை அவர்கள் பார்த்தார்களா? ஒருத்தர் பார்த்தேன் என்கிறாராம், ஒருத்தர் அது வேறு படகு என்கிறாராம். அவனுடைய அம்மா இதைச் சொல்லும்போது என் கையை விடவே இல்லை. இரவு தூக்கம் வரவில்லை. ஏழரை வருஷத்துக்கு முன்னால் இதே பேச்சு, இதே "பார்த்தேன்", இதே "வேறு படகு".

மே 30, வெள்ளி

கடைசி நாள். நாடகம், பாட்டு, ஓலைக் கண்காட்சி எல்லாம் பத்து மணிக்கு என்றிருந்தது.

கரை முழுக்க வெள்ளை வெள்ளையாகக் குருணை. அரிசியை விடக் கொஞ்சம் பெரிசு, பிளாஸ்டிக். கப்பல் பெட்டகத்தில் இருந்தது. பிள்ளைகள் முத்து என்று டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் வாங்கிச் சாக்கில் கட்டிவைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன். மணலோடு மணலாகக் கிடக்கிறது, சல்லடை இல்லாமல் பிரிக்க முடியாது. மீன் இதை முட்டை என்று விழுங்கும். அந்த மீனை யார் தின்பது? நாம்தானே. இந்தக் கரைக்கு ஏன் எல்லாம் வந்து சேர்கிறது?

16. இரண்டு தடவை எண்ணிவிட்டேன், 16 தான். கீப்பர் வரவில்லை. வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறதாம், காலை பஸ்ஸில் அம்மாவும் அவனும் மார்த்தாண்டம் போனதைப் பார்த்ததாக ஒருத்தி சொல்கிறாள். மார்த்தாண்டத்துக்கு எதற்கு? கொச்சிக்குப் போகவா, ஆஸ்பத்திரிக்கா? அவன் அம்மா போன் எடுக்கவில்லை. நாடகம் தொடங்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இன்னொரு தடவை போன் போட்டுவிட்டுப் போகிறேன்.