கேப் பிரெட்: ஒரே நாள்ல, நுனியில இருந்து ராஃபிட்டி வரைக்கும்

நியூசிலாந்தோட வடக்குல, பே ஆஃப் ஐலண்ட்ஸ் பக்கம், கடலுக்குள்ள ஒல்லியா நீட்டிக்கிட்டு போற ஒரு தீபகற்பம் இருக்கு, அதோட நுனிதான் கேப் பிரெட். ராஃபிட்டிங்கற சின்ன ஊர்ல ஆரம்பிச்சு நுனியில இருக்கற பழைய லைட்ஹவுஸ் வரைக்கும் 16 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல வரும், ஒரு வழிக்கே 8 மணி நேரம்னுதான் கணக்கு சொல்றாங்க. அதனால நிறைய பேர் போய், அங்க இருக்கற ஹட்ல ராத்திரி தங்கி, மறுநாள் திரும்பி நடப்பாங்க. ஒரே நாள்ல முடிக்கணும்னா ஒரு பக்கத்துக்கு வாட்டர் டாக்ஸி பிடிச்சே ஆகணும், வேற வழி இல்ல.

இங்கதான் முக்கியமான முடிவு ஒண்ணு இருக்கு. வழக்கமா எல்லாரும் ராஃபிட்டில இருந்து நடந்து போய் நுனியில போட் ஏறணும்னுதான் பிளான் போடறாங்க, லைட்ஹவுஸ் கடைசியில வந்தா நல்லா இருக்கும்ல. ஆனா நானும் தம்பியும் தலைகீழா செஞ்சோம், காலையில போட்ல நுனிக்கு போய் இறங்கிட்டு ராஃபிட்டில விட்டிருந்த காரை நோக்கி நடந்தோம், யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஏன்னா நுனியில இருக்கற இறங்குற இடம் திறந்த கடலைப் பாத்தது, அலை கொஞ்சம் எழும்பினாலும் போட் ஒட்ட முடியாது. எட்டு மணி நேரம் நடந்து போய் நின்னப்புறம் போட் வர முடியலன்னு தெரியறதுக்கும், காலையிலயே தெரிஞ்சு பிளானை மாத்திக்கறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்! அதோட போட் நேரத்துக்கு போய் சேரணுமேங்கற பதட்டம் நடக்கும்போது சுத்தமா இருக்காது. பாறைச் சரிவு எல்லாம் முதல்லயே வந்துடறதால கால் ஃப்ரெஷ்ஷா இருக்கும்போதே அதைக் கடந்துடலாம், எனக்கு அதுதான் பெரிய காரணம்.

போட் விட்டு இறங்கின உடனே ஏத்தம்தான், சும்மா மூச்சு வாங்க வைக்குது. மேல வந்தா முதல்ல ஹட். அது அந்தக் காலத்துல லைட்ஹவுஸ் பாத்துக்கிட்டவங்க குடும்பத்தோட இருந்த வீடு, அங்க இருந்த வீடுகள்ல இது ஒண்ணுதான் மிச்சம். அதுக்கும் மேல வெள்ளையா லைட்ஹவுஸ் நிக்குது. 1910-ல விளக்கு ஏத்தினாங்க, லென்ஸைப் பாதரசத்துல மிதக்க விட்டு சுத்த வச்சது நியூசிலாந்துலயே முதல்ல இங்கதான். 1978-ல ஆள் வேலையை நிறுத்திட்டு பக்கத்துல தானா எரியற சின்ன விளக்கு ஒண்ணு வச்சுட்டாங்க. லைட்ஹவுஸ் பாத்துக்கிட்ட அந்தக் குடும்பங்களுக்கு எல்லா சாமானும் கடல் வழியாதான் வரணும், இந்தச் செங்குத்துல மேல இழுக்கணும், பிள்ளைங்களை வச்சுக்கிட்டு இங்க எப்படி குடும்பம் நடத்தினாங்கன்னு நெனச்சுக்கிட்டே நின்னேன். எதிர்ல கடல்ல மோட்டுகோகாகோ தீவு, நடுவுல பெரிய ஓட்டை உள்ள பாறை, அலை அமைதியா இருந்தா டூரிஸ்ட் போட்டெல்லாம் அது வழியா புகுந்து போகுது.

அடுத்து வர்ற முகடுதான் இந்த வழியோட உசிரு. ரெண்டு பக்கமும் சரிவு, சில இடத்துல பாதைக்கு பக்கத்துலயே நேரா கீழ கடல், காத்து வேற ஆளைத் தள்ளுது. உயரம்னா பயப்படறவங்க இந்தப் பகுதியை நல்லா யோசிச்சு எடுக்கணும், பலமான காத்து நாள்ல யாருமே எடுக்க வேண்டாம். நிழல் இல்ல. அந்த ஊர் வெயில் சூடா தெரியாது, ஆனா தோலை எரிச்சிடும், தொப்பியும் சன்ஸ்க்ரீனும் இல்லாம இறங்காதீங்க.

கொஞ்ச தூரத்துல டீப் வாட்டர் கோவ்ங்கற சின்ன விரிகுடாவுக்கு இறங்கற பிரிவு வருது. அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் சொல்ற பேர் மௌங்கனுய் பே. அந்தத் தண்ணிக்குள்ள கேன்டர்பரிங்கற பழைய கடற்படைக் கப்பல் கிடக்கு, 2007-ல டைவிங்குக்காகவே மூழ்கடிச்சது. அந்த விரிகுடாவுல 2010-ல இருந்து ராஹுய் போட்டிருக்காங்க, அதாவது மீன் பெருகட்டும்னு பிடிக்கறதை நிறுத்தி வைக்கற மாவோரி முறை, கடல் முள்ளெலி மட்டும் எடுக்கலாம். அந்த மண்ணோட ஹாப்பு, அதாவது மாவோரி குலங்கள், ங்காட்டி குட்டாவும் பாட்டுகெஹாவும், கேட்டு வாங்கின தடை இது. நாங்க கோவுக்கு இறங்கல, இறங்கினா திரும்ப அவ்வளவும் ஏறணும்.

தீபகற்பத்தோட இடுப்புல குறுக்கால ஒரு மின்வேலி வருது, கேட்டைத் திறந்து பின்னாடியே மூடிட்டு வரணும். பாஸம்னு ஒரு பிராணி, பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஆஸ்திரேலியால இருந்து தோலுக்காக கொண்டு வந்து விட்டது, போஹுடுகாவா மரத்து இலையைத் தின்னே மரத்தைச் சாகடிச்சிடும். வேலி அதைத் தடுக்கத்தான். கடலோரம் பாறையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற அந்த மரங்களைப் பாத்துட்டு வந்ததால, அந்தக் கேட்டை ரெண்டு தடவை இழுத்துப் பாத்து மூடினேன்.

அப்புறம் காடு. மானுகா, கானுகாங்கற அந்த ஊர் மரங்க, மரம் மாதிரி வளர்ந்த ஃபெர்ன். ஃபேன்டெயில்னு குட்டிப் பறவை ஒண்ணு கூடவே தத்தி தத்தி வந்துச்சு, நாம நடக்கும்போது கிளம்பற பூச்சிக்குத்தான் அது பின்னாடி வருது. பாதை களிமண், முன்னாடி மழை பெஞ்சிருந்தா வழுக்கும், டிரெக்கிங் போல் ஒண்ணாவது கையில இருந்தா இறக்கத்துல முட்டி தப்பிக்கும்.

இந்த வழியில அதிகபட்ச உயரம் புகேஹுயா, வெறும் 345 மீட்டர். நம்பரைப் பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், அதை நம்பிடாதீங்க. ஒரே ஏத்தமா ஏறிட்டு இறங்கற மலை இல்ல இது, ஏறு, ஏறினதை இறங்கு, மறுபடி ஏறு, இப்படியேதான் நாள் பூரா. அதுலயும் நாங்க வந்த திசையில புகேஹுயா பிற்பகுதியில வருது, தொடை ஏற்கனவே கெஞ்சிக்கிட்டு இருக்கும்போது. "அண்ணா, இதுதானே கடைசி ஏத்தம்?"னு தம்பி கேப்பான், ஆமாடான்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள மரத்துக்கு நடுவுல அடுத்த குன்று தெரியும்.

அந்தக் குன்றுகளுக்கு ஒரு கதை உண்டு. கேப் பிரெட்ங்கறது 1769-ல கப்பல்ல வந்த இங்கிலாந்து மாலுமி ஜேம்ஸ் குக் வச்ச பேரு. அதுக்கு ரொம்ப முன்னாடியே அது ராகௌமங்கமங்கா, பெருங்கடலைத் தாண்டி வந்த மாவோரி முன்னோருக்கு வழி காட்டின புனிதமான முனை. ராஃபிட்டிக்கும் முனைக்கும் நடுவுல தெரியற ஏழு சிகரமும் கடல் கடந்து வந்த ஏழு வாகாவை, அதாவது அவங்க பெரிய படகுகளைக் குறிக்குதுன்னு அவங்க மரபு சொல்லுது. இது தெரிஞ்சப்புறம் அடுத்த ஏத்தம் வந்தா எனக்கு சலிப்பு வரல, இது எந்தப் படகா இருக்கும்னுதான் தோணுச்சு, தம்பிகிட்டயும் சொன்னேன், அவன் அதுக்கப்புறம் எத்தனை பாக்கின்னு கேக்கறதையே விட்டுட்டான்.

அதனால டிராக் ஃபீ விஷயத்தை அழுத்திச் சொல்றேன். வழியோட ஒரு பகுதி மாவோரி குடும்பங்களோட சொந்த நிலம், நடக்கறதுக்கு கட்டணம் உண்டு, முன்கூட்டியே கட்டிடணும். இயற்கையைப் பாக்க காசான்னு சில பேர் முணுமுணுக்கறதைக் கேட்டிருக்கேன், எனக்கு அதுல கொஞ்சமும் உடன்பாடு இல்ல. ஒருத்தர் தன் முன்னோர் வந்து இறங்கின மண்ணுல நம்மள நடக்க விடறாங்க. சந்தோஷமா கட்டுங்க.

மத்தபடி தண்ணி ஆளுக்கு மூணு லிட்டராவது தூக்கிக்கோங்க, வழியில நம்பி குடிக்க ஓடை எதுவும் இல்ல. முந்தின நாள் சாயந்திரமே போட்காரருக்கு போன் பண்ணி அலை எப்படின்னு கேட்டுடுங்க, அவர் வேண்டாம்னா வேண்டாம். தலையில மாட்டற டார்ச் ஒண்ணு பையில இருக்கட்டும், குளிர்காலத்துல நாள் சின்னது, இந்தத் தூரத்தை வெளிச்சத்துக்குள்ள முடிக்கறது கஷ்டம்.