எல்லை தாண்டும் இருமல்

கம்பம், கூடலூரிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் குமுளி மலை ஏறுகின்றன. உள்ளே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள், நெருக்கியடித்துக்கொண்டு. மழைக்காலத்தில் ஒருவருக்கு இருமல் வந்தால் போதும், சில நாளில் ஜீப் முழுக்க இருமல்தான். காய்ச்சல் தொற்றுவது இடுக்கியில், படுப்பது தேனியில். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் எந்த மாநிலக் கணக்கிலும் அது சேராது.

காய்ச்சலுக்கு எல்லை கிடையாது என்பதால்தான் 1952லேயே உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. நம் நாட்டுக்குப் புனே வைராலஜி நிறுவனம். அடுத்த தடுப்பூசியில் எந்த வைரஸ் வகை என்று பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி முடிவெடுப்பது இந்த நாடுகள் அனுப்பும் சளி மாதிரிகளை வைத்துத்தான்.

ஆனால் மாதிரி கொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது? 2007ல் இந்தோனேசியா இதைத்தான் கேட்டது. எங்கள் பறவைக் காய்ச்சல் வைரஸில் செய்யும் தடுப்பூசியை எங்களாலேயே வாங்க முடியாதே என்று சொல்லி, பகிர்வதை நிறுத்தியது. அப்புறம்தான், 2011ல், தடுப்பூசியிலும் மருந்திலும் பங்கு தரும் உடன்பாடு வந்தது. இந்தோனேசியா கேட்டது முழு நியாயம்.

சரி, நம் மலைக்கு வருவோம். தேனி மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வகம் இருக்கிறது. ஆலப்புழையில் புனே நிறுவனத்தின் கிளை இருக்கிறது. சோதனைச்சாவடிக்கு இரு பக்கமும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள் வாராவாரம் சில மாதிரிகளாவது எடுத்து ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். முடிவை இரண்டு மாவட்டமும் சேர்ந்து பார்க்க வேண்டும். அந்த அக்காக்களுக்கு ஃப்ளூ ஊசியும் இலவசமாகப் போட வேண்டும்.