பகவனே ஈசன் மாயோன்

எங்கள் கல்லூரியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பித்தவர் பண்டிதர் ஐயா. பாடத்திட்டத்தில் இல்லாத, சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய செய்யுள் நூலான சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதியை எங்கள் தலையில் ஏற்றியே தீருவேன் என்று நின்றார். மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் சொருகும் நேரம், வகுப்பு முழுக்க ஒரே குரலில் தொடங்கவேண்டும்:

"பகவனே ஈசன் மாயோன் பங்கயன் சினனே புத்தன்
பகலேநாள் ஒருமுகூர்த்தம் பகலவன் நடுவே தேசு"

விளக்கம் கேட்டால், "முதலிலை பாட்டைச் சொல்லடா, பொருள் எங்கை ஓடப் போகுது?" என்பார்.

நிகண்டில் 12 தொகுதிகள். முதல் பத்தில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள். பதினோராவதில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்கள். இதில் அகரவரிசை கிடையாது, எதுகைதான் வரிசை. பகவன், பகல், மகரம், அகம் என்று இரண்டாம் எழுத்துக் ககரமாக வருவன முன்னே நிற்கும். அந்த எழுத்தைப் பிடித்தால் பாட்டு நாவில் வந்துவிடும். புரட்டித் தேடுவதற்கல்ல, மனனம் செய்வதற்கென்றே கட்டிய நூல்.

பாடிய மண்டலபுருடர் சமணர். சிவன், திருமால், பிரமன், அருகன், புத்தன் ஐவரும் அவருக்கு ஒரே அடியில் பகவன். சைவத்துக்காகவே வாழ்ந்த ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையில் இந்த நிகண்டை உரையோடு அச்சிட்டார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய எங்கள் ஐயாவும் ஒரு சொல் மாற்றாமல் படிப்பித்தார். இன்றைய சமயச் சண்டைக்காரருக்கு இதைச் சொல்லிப் பார்க்கலாம், கேட்பார்களோ தெரியாது.

பகலுக்கு நாள், சூரியன், ஒளி சரி. 'நடு' எப்படி வந்தது? உயர்தர வகுப்பில் நூலகத்தில் பத்துப்பாட்டைப் புரட்டியபோதுதான் விடை கிடைத்தது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை, "நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்" என்கிறது. நுகத்தடியின் நடுவிலுள்ள ஆணிக்குப் பகல் என்று பெயர். இரண்டு மாட்டுக்கும் பொதுவாக நிற்பது அது. வாங்கும்போது கூட எடுக்காமல், விற்கும்போது குறைத்துக் கொடுக்காமல் நின்ற வணிகருக்கு அதை உவமையாக்கியிருக்கிறார் புலவர். அன்று பின்னேரம் ஐயாவைத் தேடிப் போய்ச் சொன்னேன். "இப்பதான் வந்ததோ?" என்றார், அவ்வளவுதான்.

இந்த முறை எல்லாருக்கும் ஒத்துவந்தது என்று சொல்லமாட்டேன். தமிழென்றாலே வெறுத்து ஓடிய தோழர்களும் உண்டு. ஆனாலும் ரொறன்ரோ ஒன்றுகூடல்களில் முதற்பாட்டை முழுதாகச் சொல்பவர்களும் அவர்களேதான். எனக்கு இரண்டாம் பாட்டு மறந்துபோச்சு. நினைவுள்ளவர்கள், புத்தகம் பார்க்காமல், அடுத்த மலருக்கு எழுதி அனுப்புங்கோ.