எல்லைக்கல்லுக்கு முன்னே போகவேண்டிய குழாய்

2004-ஆம் ஆண்டு நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது, சென்னையின் தெற்கு ஓரத்தில் இருந்த எங்கள் பகுதி ஒரு கிராம ஊராட்சியாக இருந்தது. கிராமம் என்பதற்கு அடையாளமாக ஏரியும் அதன் கரையில் ஓர் அம்மன் கோயிலும் மட்டுமே எஞ்சியிருந்தன. வயல்கள் மனைகளாகி, மனைகளில் பாதி வீடுகளாகிவிட்டிருந்தன. குடிநீர் லாரியில் வந்தது, கழிவுநீர் லாரியில் போனது. அந்த இரண்டு லாரிகளுக்கும் நாங்கள் ஓர் ஆண்டில் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் ஊராட்சிக்குக் கட்டிய வீட்டுவரி ஒன்றுமே இல்லை. 2011-இல் எங்களை மாநகராட்சியோடு சேர்த்தபோது குடியிருப்போர் நலச்சங்கத்தில் இனிப்பு வழங்கினோம். அதன்பிறகும் பத்து ஆண்டுகளுக்கு மேல் அதே கழிவுநீர் லாரிதான் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. இதை எந்த அலுவலகத்தின் மீதும் குற்றமாகச் சொல்ல நான் விரும்பவில்லை. காரியங்கள் நடந்த வரிசையே தலைகீழாக இருந்தது என்பதுதான் இத்தனை ஆண்டுகள் யோசித்தபின் எனக்குத் தெளிவாகியிருக்கிறது.

முதலில் வீடுகள் வந்தன, அதன்பின் எல்லை வந்தது, கடைசியாகக் குழாய் வந்தது. இந்த வரிசையை மாற்றாமல் எல்லைகளை எத்தனை முறை விரித்தாலும் பயன் குறைவு.

2011 விரிவாக்கத்தின் அளவை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. அதுவரை 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி, 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 கிராம ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 426 சதுர கிலோமீட்டரானது. வார்டுகள் 155-இலிருந்து 200 ஆயின; அவற்றில் 107 பழைய நகரத்துக்கும் 93 புதிய பகுதிகளுக்கும் ஒதுக்கப்பட்டன. அதாவது, ஒரே நாளில் பரப்பு இரண்டரை மடங்கானது. ஆனால் அந்தப் புதிய 252 சதுர கிலோமீட்டரில் பெரும்பகுதியில் மண்ணுக்கடியில் சாக்கடைக் குழாய் இல்லை. எங்கள் பகுதியைப் போலவே தெருக்கள் எல்லாம் போட்டு முடிந்து, இருபுறமும் வீடுகள் நெருக்கியடித்து நின்றபின்தான் அவற்றைத் தோண்ட வேண்டியிருந்தது. வெற்று நிலத்தில் குழாய் பதிப்பதற்கும், பன்னிரண்டு அடிச் சந்தில், ஏற்கெனவே மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் ஓடும் மண்ணில், மழைக்காலத்துக்கு இடைவெளி விட்டு விட்டுப் பதிப்பதற்கும் செலவிலும் காலத்திலும் உள்ள வேறுபாட்டை, தோண்டிப்போட்ட தெருவில் இரண்டு ஆண்டுகள் நடந்தவர்கள் அறிவார்கள்.

ஒரு துறையின் எல்லை மாறினால் மற்றவையும் உடனே மாறிவிடுவதில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. மாநகராட்சி விரிந்தது 2011-இல். சென்னை வருவாய் மாவட்டம் அதே 426 சதுர கிலோமீட்டருக்கு விரிந்தது 2018-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் தெற்கே சேர்க்கப்பட்ட பகுதிகளின் மக்கள் சொத்துவரியைச் சென்னையில் கட்டிவிட்டு, பட்டாவுக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் தாலுகா அலுவலகத்துக்குப் போனார்கள்.

வீடுகள் எப்படி முன்னே வந்தன என்ற கேள்விக்கு வருகிறேன். தொண்ணூறுகளிலும் அதன்பிறகும் புறநகர் மனை விளம்பரங்களில் ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்ற சொல்லைப் பார்க்காதவர் இருக்க முடியாது. மனைப்பிரிவுக்கு அனுமதி தர வேண்டியவை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் நகர் ஊரமைப்பு இயக்ககமும். ஊராட்சித் தலைவரின் கையெழுத்து அந்த அனுமதிக்கு ஈடாகாது. ஆயினும் அந்தக் கையெழுத்தை நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கியவர்கள் ஏராளம். அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்ததும் அதன் பிறகான கதை. கட்டணம் செலுத்தி மனையை வரன்முறைப்படுத்திவிடலாம். இருபது அடிச் சாலையை முப்பது அடியாக்கவோ, தூர்க்கப்பட்ட வாய்க்காலை மீட்கவோ எந்தக் கட்டணத்தாலும் முடிவதில்லை.

வாய்க்காலைச் சொன்னதும் எனக்கு மிகவும் வேண்டிய விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். தென்சென்னையின் மழைநீர் எப்படிப் போகிறது என்று பாருங்கள். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிரம்பி, உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் வந்து சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே இறங்கி, முட்டுக்காட்டில் கடலை அடைகிறது. நீருக்கு இது தொடர்ச்சியான ஒற்றை வழி. ஆனால் 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபின் மேலே உள்ள செம்பாக்கமும் மாடம்பாக்கமும் அந்த மாநகராட்சியில் இருக்கின்றன, சதுப்புநிலமும் மடுவும் சென்னையில் இருக்கின்றன, முகத்துவாரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. முன்பு பொதுப்பணித் துறையின் கையில் இருந்த ஏரிகளை இப்போது நீர்வளத் துறையும், சதுப்புநிலத்தில் காப்புக்காடான பகுதியை வனத் துறையும் பார்த்துக்கொள்கின்றன. மேலே ஒரு ஏரியின் கலங்கலை, அதாவது உபரிநீர் வெளியேறும் வாயிலை, அகலப்படுத்தினால் கீழே யார் வீட்டுக்குள் நீர் புகும் என்பதை, அகலப்படுத்துபவர் கேட்டாக வேண்டிய கட்டாயம் எதுவும் இந்த எல்லைகளில் இல்லை.

அதே சதுப்புநிலத்தின் ஓரத்தில்தான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் இருக்கிறது. 2011 வரை பெருங்குடி ஒரு பேரூராட்சி, மாநகராட்சிக்கு வெளியே இருந்த ஊர். நகரத்தின் வீடுகளில் சேர்ந்த குப்பை, நகரத்து வாக்காளர்கள் பார்க்க வேண்டியிராத இடத்தில் ஆண்டுக்கணக்கில் கொட்டப்பட்டது. அதன் புகையைச் சுவாசித்தவர்களுக்கு மாநகராட்சி மன்றத்தில் ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. 2022-இல் பள்ளிக்கரணை ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது நான் மகிழ்ந்தேன், வருந்தவும் செய்தேன்.

இவ்வளவும் படித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே பெரிய மாநகராட்சியாக்கிவிட்டால் தீர்ந்தது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. ஆலந்தூரை நினைத்துப் பார்க்க வேண்டும். அது தனி நகராட்சியாக இருந்தபோது, தொண்ணூறுகளின் இறுதியில், பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு மக்களிடமே முன்பணம் திரட்டியது. ஒரு வீட்டுக்கு 5,000 ரூபாய். அப்போதைய நகர்மன்றத் தலைவர் ஆர்.எஸ்.பாரதியும் நலச்சங்கங்களும் தெருத்தெருவாகப் போய்ப் பேசியதால் மக்கள் கொடுத்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் நகராட்சி எல்லைக்கு வெளியே, பெருங்குடியில் அமைந்தது. ஆக, சேவையின் எல்லை ஆட்சியின் எல்லையைத் தாண்டிப் போவதற்குச் சிறிய நகராட்சியாக இருந்தது தடையாகவில்லை. தலைவரைத் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்க முடிந்ததால்தான் மக்கள் பணம் கொடுத்தார்கள் என்று நான் கருதுகிறேன். இன்று சென்னையில் ஒரு வார்டுக்குச் சராசரியாக 33,000 பேருக்கு மேல் வருகிறார்கள். 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை அந்த வார்டு உறுப்பினரும் இல்லாமல் இருந்தோம்.

கிராமங்கள் இணைப்பை எதிர்க்கும்போது நகரத்தில் இருப்பவர்கள் அதை அறியாமை என்று ஒதுக்குவது எனக்கு வேதனை தருகிறது. ஊராட்சி நகரமானால் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வேலை போய்விடும், வரி உயரும், கிராம சபை இல்லாமற்போகும். இவை மூன்றும் உறுதி. குழாய் எப்போது வரும் என்பது மட்டும் உறுதியில்லை. தெரிந்த இழப்பையும் தெரியாத ஆதாயத்தையும் எடைபோட்டு அவர்கள் மறுக்கிறார்கள். அரசே இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது: 2004-இல் ஊரகத் திட்டங்களின் நிதி கிடைக்க வேண்டுமென்று 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006-இல் மீண்டும் பேரூராட்சிகளாக்கப்பட்டன. ஊர்கள் அப்படியே இருந்தன, பெயர்ப்பலகை இரண்டு முறை மாறியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 376 ஊர்கள், மக்கள்தொகையிலும் நெருக்கத்திலும் தொழிலிலும் நகரமாகிவிட்டும் சட்டப்படி நகர உள்ளாட்சி இல்லாதவை என்று கணக்கிடப்பட்டன. எந்தப் பகுதி எப்போது நகரமாகிறது என்பதை மக்கள்தொகை, அடர்த்தி, வருவாய், வேளாண்மை சாராத வேலை ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்யலாம் என்று அரசமைப்பின் 243கியூ (243Q) பிரிவு சொல்கிறது. இவை அனைத்தும் ஊர் ஏற்கெனவே மாறிவிட்டதைக் காட்டும் அளவுகோல்கள். வரப்போகும் மாற்றத்துக்கு அளவுகோல் எதுவும் அதில் இல்லை.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதாக இல்லை. பெங்களூரு 2007-இல் 110 கிராமங்களைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2024 அக்டோபரில்.

மாற்று வழியொன்றைக் கலிஃபோர்னியா கைக்கொண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அங்கும் நகரங்கள் தாறுமாறாக நிலத்தைச் சேர்த்துக்கொண்டே போயின, பழத்தோட்டங்கள் அழிந்தன. 1963-இல் ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) எல்லைகளுக்கென்றே ஓர் ஆணையம் ஏற்படுத்தினார்கள். கவுண்டியின், நகரங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் பொதுமக்களில் ஒருவரும் அதில் அமர்கிறார்கள். ஒவ்வொரு நகரமும், குடிநீர் வழங்கவென்றே அமைந்த ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் எதிர்காலத்தில் எதுவரை பரவலாம் என்ற வெளிக்கோட்டை அந்த ஆணையம் முன்கூட்டியே வரைந்து, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேவைக்கேற்பத் திருத்துகிறது. கோட்டை வரைவதற்குமுன், அந்த அமைப்பிடம் போதிய நீர் இருக்கிறதா, சுத்திகரிப்புத் திறன் இருக்கிறதா, பணம் இருக்கிறதா என்று ஆய்வு செய்ய வேண்டும். அங்கே வீட்டு விலை எட்டாத உயரத்தில் இருப்பதில் இதுபோன்ற கட்டுப்பாடுகளுக்கும் பங்குண்டு என்ற விவாதம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிலம் வாங்குபவர் ஒரு வரைபடத்தைப் பார்த்து, ‘இங்கே குழாய் வரும், இங்கே வராது’ என்று பணம் கொடுக்கும் முன்பே அறிய முடிகிறதே, அது எங்களுக்குக் கிடைக்காத ஒன்று.

மாநகராட்சியைத் தாண்டி, பெருநகர வளர்ச்சிக் குழுமம் திட்டமிடும் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. அந்தப் பகுதியின் நிலப்பயன்பாட்டை வகுக்கும் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026-உடன் முடிகிறது. மூன்றாவது திட்டம் 2046 வரைக்கானது. இந்த விரிந்த பரப்பில் எந்த ஏரியின் நீர் எங்கே போகிறது என்பதை முதலில் குறித்து, அந்த வடிநிலங்களை அடிப்படையாகக் கொண்டு குடிநீர், கழிவுநீர்ச் சேவைப் பகுதிகளைப் பிரித்து, எந்தப் பகுதிக்கு எந்த ஐந்தாண்டில் குழாய் போகும் என்பதை வரைபடமாக ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மனைப்பிரிவு அனுமதி அந்த வரைபடத்துக்குக் கட்டுப்பட வேண்டும். குழாய் வந்து சேர்ந்த பிறகு இணைப்பை முன்மொழிந்தால் எந்தக் கிராம சபையும் இன்றைப்போல் மறுக்காது. ஒன்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளைத் தொடும் முடிவுகளுக்கு, பத்து லட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும் பெருநகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளைக் கொண்ட பெருநகரத் திட்டக்குழு வேண்டுமென்று அரசமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 முதலே சொல்லிக்கொண்டிருக்கிறது. புதிதாக ஓர் அமைப்பைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சென்ற மாதம் எங்கள் வார்டு எல்லைக்கு அப்பால் உள்ள ஊராட்சியில் நண்பர் ஒருவர் மனை பார்க்கப் போனபோது நானும் உடன் சென்றேன். செம்மண் சாலை போட்டு, மஞ்சள் வண்ணம் பூசிய கற்களை நட்டு, நுழைவாயிலில் வளைவு கட்டியிருந்தார்கள். மனைகளுக்கு நடுவே ஒரு வாய்க்கால், பாதி தூர்ந்து, கோரைப் புல்லோடு கிடந்தது. தண்ணீருக்கு என்ன வழி என்று நண்பர் கேட்டார். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் இந்த ஊர் மாநகராட்சியோடு சேர்ந்துவிடும் சார், சேர்ந்ததும் எல்லாம் வந்துவிடும் என்று மனை விற்பவர் சொன்னார். நான் அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் இருவரும் அதன் கரையோடு நடந்து பார்த்தோம். முந்நூறு அடி தள்ளி, புதிதாக எழுப்பிய ஒரு மதில்சுவரின் அடியில் அது நின்றுபோயிருந்தது.