இருபத்து நாலாவது பட்டை

ஜூன் 2
தகடு வந்தது. பத்தடிக்கு நாலடி, 2 மி.மீ., 316எல் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நாலு தகடு. ஒன்று 59 கிலோ சொச்சம். சிற்பத்துக்குள் போவது 120 கிலோதான், மிச்சம் வெட்டுத்துண்டு. 304 வகை என்றால் செலவு குறையும். ஆனால் நிற்கப்போவது உவரியில், கடலைப் பார்த்து. 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். உப்புக்கு அது வேண்டும்.

ஜூன் 4
ரைனோ வரைபட மென்பொருளில் மறுபடி அன்ரோல், வளைந்த வடிவத்தைத் தட்டையாக விரிப்பது. தகடு ஒரே சமயத்தில் இரண்டு பக்கம் வளையாது. பத்தமடைப் பாயைச் சுருட்டிப் பிடித்தாலே தெரியும்: சுருண்டபின் நீளவாக்கில் விறைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் வளையணும் என்றால் அடித்து நீட்டணும். அதனால்தான் முறுக்கிய தூணை 24 பட்டையாகப் பிரித்தது. ஒவ்வொன்றும் 2.6 மீட்டர் நீளம், நடுவில் 110 மி.மீ. அகலம்.

ஜூன் 5
மழைத்தண்ணீர் உள்ளே போனால் எந்த வழியாக வெளியே வரும்?

ஜூன் 10
லேசர் கட்டிங் முடிந்தது. நைட்ரஜனில் வெட்டியதால் விளிம்பு வெள்ளையாக இருக்கிறது. ஆக்சிஜன் என்றால் கருப்புப் பொருக்கைத் தேய்த்த பிறகுதான் வெல்டிங். எல்லாப் பட்டையிலும் எண்ணும் மேல்முனைக்கு அம்புக்குறியும் பொறித்திருக்கிறது. அம்பு இல்லாவிட்டால் தலைகீழாக வைத்துவிட்டு நாலு டேக் (பிடிப்புக்கு வைக்கும் புள்ளி வெல்டு) தாண்டிய பிறகுதான் தெரியும்.

ஜூன் 16
ஆனி பிறந்ததுமே காற்று. பட்டறை மேற்கே திறந்தது. வெல்டிங்கைக் காக்கும் ஆர்கான் வாயுவை அப்படியே அள்ளிக்கொண்டு போகிறது, ஜாயிண்ட்டெல்லாம் ஊசித் துளை. "இன்னிக்கு அடிச்சா அம்புட்டும் புழுத்துப் போவும் அண்ணாச்சி" என்று வெல்டர் டார்ச்சை வைத்துவிட்டார். தார்ப்பாய் கட்டியாயிற்று.

68 ஆம்ப், 1.6 மி.மீ. டங்ஸ்டன் முனை, ஆர்கான் நிமிடத்துக்கு 10 லிட்டர். 50 மி.மீ.க்கு ஒரு டேக். வெல்டிங் நடுவிலிருந்து முனைக்கு, ஒன்று முடிந்தால் அடுத்தது எதிர்ப்பக்கம். பின்பக்கம் அலுமினிய வாய்க்கால் ஒட்டி அதிலும் ஆர்கான். அது இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிச் சர்க்கரை மாதிரி பொரிந்துவிடும், துரு அங்கேதான் தொடங்கும்.

ஜூன் 17
காற்று.

ஜூன் 19
இரும்பு தேய்த்த ஃபிளாப் டிஸ்க்கை யாரோ 9ஆம் பட்டையில் வைத்திருக்கிறார்கள். ராத்திரி ஈரத்தில் பழுப்புப் புள்ளி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு வேறு டிஸ்க், வேறு பிரஷ், வேறு பெட்டி என்று இன்று எழுதி ஒட்டினேன்.

ஜூன் 25
23 ஜாயிண்ட் முடிந்தது. கடைசி ஜாயிண்ட் சேரவில்லை. நடுவில் 11 மி.மீ. இடைவெளி. திரையில் பூஜ்யம்.

ஜூன் 26
11.

ஜூன் 27
பயன்படுத்தாத உபரிப் பட்டை ஒன்று கிடந்தது. வெர்னியர் வைத்தேன்: 109.8. வரைபடத்தில் 110.0. லேசர் 0.2 மி.மீ. தின்னும், அதை ஈடுகட்டும் கணக்கை கட்டிங் கடையில் போடவில்லை. பட்டைக்கு 0.2, இருபத்து நாலுக்கு 4.8. மிச்சம் 6.2 எங்கே? உருகிய கோடு ஆறும்போது இரு பக்கத்தையும் இழுத்துக்கொள்கிறது. 23 ஜாயிண்ட்டுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 0.27. தலைமுடி மூன்று நாலு கனம். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தவன் நான், ஒன்றிலும் தெரியவில்லை.

11 மி.மீ.யைக் கம்பி உருக்கி நிரப்பக் கூடாது. அவ்வளவு சூடு போனால் பக்கத்துப் பட்டைகள் அலைபாயும். 24ஐ அறுத்து எடுக்கணும்.

ஜூன் 29
1 மி.மீ. கட்டிங் வீலில் அறுத்தாயிற்று. 20 செ.மீ.க்கு ஒரு இடமாக, 13 இடத்தில் வாயை அளந்தேன். ஒரே அளவு இல்லை. மேலே நெருக்கம், நடுவில் அகலம். சார்ட் பேப்பரை ஒட்டி விளிம்பைப் பென்சிலால் உரசி எடுத்தேன். அந்தக் கோட்டைத்தான் ரைனோவுக்குள் கொண்டுபோகணும். பழைய 24 கோப்பை அழித்துவிட்டேன்.

ஜூலை 1
அடித்தளக் கணக்கு. நொடிக்கு 40 மீட்டர் காற்று என்றால் சதுர மீட்டருக்கு 960 நியூட்டன். முகப்பு 2 சதுர மீட்டர், வடிவத்துக்கு 1.2 மடங்கு. மொத்தம் 235 கிலோ தள்ளு. 1.2 மீட்டர் உயரத்தில் தள்ளினால் 282 கிலோவிசை-மீட்டர் கவிழ்ப்பு. சொந்த எடை 120 கிலோ அதற்குப் போதாது. 1.2க்கு 1.2க்கு 0.6 கான்கிரீட், இரண்டு டன். நாலு எம்16 போல்ட், அதுவும் 316.

ஜூலை 3
ஜாயிண்ட்டைத் தேய்ப்பதா? சிகாகோவில் அனிஷ் கபூரின் கிளவுட் கேட் 168 தகடு. 2006இல் முடித்தபோது ஒரு கோடும் கண்ணில் படவில்லை. இங்கே கோடு தெரியணும், 24உம் தெரியணும். ஆனால் முண்டு இருந்தால் உப்பு தங்கும், தேயிலைக் கறை மாதிரிப் பழுப்பு விழும். முண்டை மட்டம் தட்டி, 120, 240, 400 எமரி என்று கோட்டின் வாக்கில் தேய்க்கணும், பட்டையைக் குறுக்குவாக்கில். வெளிச்சம் சாயும்போது கோடு எழும்பும்.

ஜூலை 4
பிக்ளிங் பேஸ்ட், வெல்டிங் கருகலை எடுக்கும் அமிலப் பசை. உள்ளே ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். கையுறை, முகமூடி, பக்கத்தில், தோலில் பட்டால் தடவ, கால்சியம் குளுக்கோனேட் ஜெல். ஜெல் வராமல் டப்பாவைத் திறக்க விடமாட்டேன்.

ஜூலை 8
புதிய 24 வந்தது. முதலில் வெர்னியர். 13 இடமும் சரி.

கடைசி ஜாயிண்ட்டுக்கு உள்ளே கை போகாது, வாய்க்கால் ஒட்ட முடியாது. தூண் முழுக்க ஆர்கான் நிரப்பணும். உள்ளளவு 1.3 கன மீட்டர், ஐந்து மடங்கு விட்டால் ஏறக்குறைய ஒரு சிலிண்டர். ஆர்கான் காற்றைவிடக் கனம், கீழிருந்து ஏறணும். கீழே ஒரு வழி வேண்டும்.

அடித்தகட்டில் 10 மி.மீ. துளை. இன்று ஆர்கான் உள்ளே போக, பிறகு தண்ணீர் வெளியே வர. ஜூன் 5இலிருந்து தேடியது.

ஜூலை 9
துளை போட்டாயிற்று. ஜாயிண்ட் மேல் அலுமினிய டேப், உச்சியில் மட்டும் ஒரு விரல் திறப்பு. டேக் 52. மீட்டர் 30 பார் காட்டுகிறது, போதாது. நாளைக் காலை சிலிண்டர் வந்தால் நடுவிலிருந்து