நங்கூரக் கல்லின் பாரம்

"சேர், இதுக்கு எந்தச் சமன்பாடு?"

ஒரு வகுப்பில் குறைந்தது பத்துத் தடவையாவது இந்தக் கேள்வி வரும். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் வகுப்பு. உயர்தரம், பௌதிகவியல் மட்டும். வினாவை வாசித்து முடிக்கும் முன்பே பிள்ளைகளின் கை பாடக்குறிப்பு ரியூட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். அங்கே சமன்பாடுகள் பெட்டி பெட்டியாக அடைந்து கிடக்கும். வினாவில் உள்ள எழுத்துகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று தேடுவார்கள். கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அப்படித்தான் படித்தேன். முதல் தடவை பௌதிகவியலுக்கு வந்தது எஸ், சித்தியில் கடைசித் தரம்.

பெறுபேறு வந்த பிறகு வீட்டில் சும்மா இருக்க வெட்கமாக இருந்தது. அப்பாவோடு கடலுக்குப் போகத் தொடங்கினேன். அவர் எனக்குத் தந்த முதல் வேலை நங்கூரக் கல்லை இழுப்பது. கயிற்றை இழுக்க இழுக்கக் கல் சொன்னபடி ஏறி வந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். கல் தண்ணீருக்கு வெளியே தலை காட்டியதுதான் தாமதம், கை இரண்டும் கீழே இழுபட்டு, நெஞ்சு போய் வள்ளத்தின் விளிம்பில் மோதியது. அப்பா சிரித்தார்.

"தண்ணிக்குள்ள இருக்கிற மட்டும்தான் தம்பி கல்லு எங்கட சொல்லுக் கேக்கும். இரும்பு நங்கூரமெண்டா அதுவும் கேக்காது."

அப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். நான் பரீட்சையில் ஆக்கிமிடிசின் தத்துவத்தைச் சொல் பிசகாமல் எழுதிவிட்டு வந்தவன். அவர் சொன்னதும் நான் எழுதியதும் ஒரே விஷயம் என்பது அன்று பின்னேரம் வலை சிக்கெடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் பாரத்தளவுக்குத் தண்ணீர் அதை மேலே தள்ளும்; அந்தத் தள்ளல்தான் மேலுதைப்பு. கருங்கல்லின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியைப் போல ஏறத்தாழ 2.6 மடங்கு. கடல்நீருக்குக் கனமீற்றருக்கு 1025 கிலோகிராம். அப்படியென்றால் பத்துக் கிலோக் கல்லில் நாலு கிலோவைக் கடலே தாங்கிக்கொள்கிறது. இரும்போ 7.8 மடங்கு, பத்துக் கிலோவில் கடல் தாங்குவது ஒன்றேகால் கிலோ சொச்சம்தான். "அதுவும் கேக்காது" என்று அப்பா சொன்னதன் கணக்கு இது. அவருக்கு எண் தெரியாது, வித்தியாசம் தெரியும். எனக்கு மேலுதைப்பின் சமன்பாடு தெரியும். அது கல்லைத் தூக்குவது தெரியாது.

அதனால் இப்போது என் வகுப்பில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். சமன்பாட்டைத் தேடும் முன் என்ன நடக்கும் என்று வாயால் சொல்லவேண்டும். பிழையாகச் சொன்னாலும் பரவாயில்லை. சொல்லாமல் இருப்பதுதான் குற்றம்.

இதற்கு நான் வழக்கமாக எடுக்கும் வினா பழையது, உலகம் முழுக்கக் கேட்கப்படுவது. ஒரு குளத்தில் தோணி மிதக்கிறது. தோணிக்குள் ஒரு பெரிய கல். கல்லைத் தூக்கிக் குளத்தில் போட்டால், குளத்து நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏறும் என்பார்கள். கல் தண்ணீருக்குள் போகிறதே, ஏறத்தானே வேண்டும்? கொஞ்சம் கெட்டிக்காரர்கள், கல் முன்பும் குளத்தில்தான் இருந்தது, பின்பும் குளத்தில்தான், மாற்றமில்லை என்பார்கள். யாராவது ஒருவர் கடைசி வாங்கிலிருந்து இறங்கும் என்று சொல்லிவிட்டு, ஏன் என்று கேட்டதும் பின்வாங்கிவிடுவார்.

அப்புறம் வாளி வரும். ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று, பக்கத்துக் கடையில் இரவல் வாங்கிய அரைக் கிலோ இரும்புப் படிக்கல், வாளியின் உள்பக்கத்தில் ஒட்டிய அடிமட்டம். படிக்கல்லைப் பெட்டிக்குள் வைத்து மிதக்கவிட்டு மட்டத்தைக் குறிப்போம். பிறகு படிக்கல்லை எடுத்து வாளிக்குள் மெல்ல இறக்குவோம். மட்டம் இறங்கும், முக்கால் சென்ரிமீற்றருக்குக் கூட. பெட்டிக்குள் இருக்கும்போது அரைக் கிலோ இரும்பு அரை லீற்றர் தண்ணீரை ஒதுக்கவேண்டும், இல்லாவிட்டால் மிதக்காது. அடியில் கிடக்கும்போது தன் உடம்பு அளவுக்கு மட்டும், அதாவது ஒரு சின்னக் கோப்பையளவு தண்ணீரை ஒதுக்கினால் போதும். மட்டம் இறங்கும்போது விறாந்தையில் ஒரு சத்தம் எழும். ஏறும் என்று அடித்துச் சொன்னவன்தான் அதிகம் சத்தம் போடுவான். அவனுக்கு இனி அது மறக்காது.

பெற்றோர் சிலருக்கு வாளி பிடிக்காது. "பிள்ளைக்கு பேப்பர் செய்விக்கலாமே" என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. பல்தேர்வில் 50 வினாவுக்கு இரண்டு மணித்தியாலம், ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. கணிப்பானுக்கும் அனுமதி இல்லை. கடந்தகால வினாத்தாள் செய்யாமல் யாரும் அந்த வேகத்துக்கு வரமுடியாது. நாங்களும் செய்கிறோம். முதல் தடவை விடைகள் ஐந்தையும் கையால் மறைத்துக்கொண்டு செய்யச் சொல்கிறேன், அவ்வளவுதான். விடையைப் பார்த்துவிட்டால் மூளை அதற்குள்ளேயே சுற்றும்.

இன்னொரு தலையிடி சொற்கள். பிள்ளைகள் இரவில் தமிழ்நாட்டு யூடியூப் பாடங்கள் பார்க்கிறார்கள். நல்ல பாடங்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே 'நிறை' என்றால் எங்களுடைய திணிவு, கிலோகிராமில் அளப்பது. எங்களுடைய 'நிறை', அதாவது பூமி இழுக்கும் விசை, அங்கே எடை. போன மாதம் ஒரு பிள்ளை நிறையைக் கிலோகிராமில் எழுதி, ஆர்முடுகலுக்கு முடுக்கம் என்றும் மீடிறனுக்கு அதிர்வெண் என்றும் எழுதியிருந்தாள். பிந்திய இரண்டும் பெயர் மட்டும்தான் வேறு, விட்டுவிடலாம். முதலாவதைத் திருத்தும்போது, "நிலாவுக்குப் போனா மாறுறது எது?" என்று மட்டும் கேட்டேன். தானே வெட்டி எழுதினாள்.

ஒரு குற்ற ஒப்புதலும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஊசலை வைத்து புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணும் பரிசோதனையில் எங்கள் குழுவுக்கு 9.7 வந்தது. புத்தகத்தில் 9.81. பயந்துபோய், விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, நேரங்களை மாற்றி எழுதி 9.81 ஆக்கினோம். சரி போட்டார்கள். பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன்: அந்தப் பெறுமானம் இலண்டன் போன்ற இடங்களுக்குரியது. பூமி சுழல்வதாலும் நடுவில் கொஞ்சம் பருத்திருப்பதாலும் மத்தியகோட்டுப் பக்கம் அது குறையும். திருகோணமலை இருப்பது வடக்கே எட்டரைப் பாகை அகலக்கோட்டில். இங்கே ஏறத்தாழ 9.78. பொய் சொன்னதுதான் சொன்னோம், ஊருக்குப் பொருந்திய பொய்யாவது சொல்லியிருக்கலாம். எங்கள் அளவீடு திறம் என்றும் சொல்லமுடியாது. இருபது அலைவுக்கு நாற்பது செக்கன். நிறுத்தற் கடிகாரத்தை அமுக்கும் கை 0.2 செக்கன் பிந்தினாலே விடையில் 0.1 போய்விடும். 9.7 என்று எழுதி, கூடக்குறைய 0.1 என்று பக்கத்தில் போட்டிருந்தால் அதுதான் நேர்மையான விடை.

போன கிழமை மேலுதைப்புப் பாடத்தில் கப்பல்களைப் பற்றிப் பேச்சு வந்தது. சீனன்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்களின் பக்கவாட்டில் வட்டமும் கோடுகளும் தீட்டியிருக்கும். எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதற்கான எல்லைக் கோடுகள். நன்னீருக்கு ஒன்று, வெப்பவலயக் கடலுக்கு ஒன்று, குளிர்காலக் கடலுக்கு ஒன்று. நன்னீருக்குரிய கோடு ஏன் மேலே இருக்கிறது என்று கேட்டேன். அடர்த்தி குறைந்தால் கூடத் தாழவேண்டும் என்று பதில் வந்தது. அடுத்த வினாவுக்குப் போகப் பார்த்தேன்.

மூதூரிலிருந்து வரும் ஒரு பிள்ளை கை தூக்கினாள். அதிகம் பேசாதவள். "சேர், மாரி காலத்தில ஆத்து வாய்க்குள்ள வந்தா வள்ளம் தாழுமெண்டு எங்கட வாப்பா சொல்லுவாரு. அதுவும் இதுதானா?"

மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. மாரியில் அந்த வாயில் நன்னீர் கூட. இதுதான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சட்டம் எனக்கும் உண்டே. எவ்வளவு தாழும் என்று எல்லோரையும் மதிப்பிடச் சொன்னேன். ஒரு சாண் என்றான் ஒருவன். கணக்குப் போட்டோம். வள்ளம் தண்ணீருக்குள் 40 சென்ரிமீற்றர் என்று வைத்தால், கடல்நீருக்கும் நன்னீருக்கும் அடர்த்தி வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரை, ஆகத் தாழ்வது ஒரு சென்ரிமீற்றர். அதுவும் முழுக்க நன்னீராக இருந்தால்.

ஒரு சென்ரிமீற்றரை அலைக்குள் யார் கண்டார்? வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அடுத்ததாக ஓர் ஆள் ஏறினால் எவ்வளவு தாழும் என்று பார்த்தோம். நீர்மட்டத்தில் வள்ளத்தின் பரப்பு நாலு சதுர மீற்றர், ஆள் அறுபது கிலோ; ஒன்றரைச் சென்ரிமீற்றர். ஓர் ஆள் கூடினாலே நாங்கள் தேடுவது மறைந்துபோகும்.

கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் சொன்னாள்: "அப்ப ரெண்டு இடத்திலயும் அதே ஆக்கள், அதே சாமான், அதே இடத்தில இருக்கோணும் சேர். எண்ணெய் எரிஞ்சதையும் கணக்கில எடுக்கோணும்."

எண்ணெயை நான் யோசித்திருக்கவில்லை.

நேற்று வந்தபோது, வள்ளத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் கியூட்டெக்ஸ் நகப்பூச்சால் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் கோடு கோடாகப் போட்டிருப்பதாகச் சொன்னாள். வாப்பா முதலில் ஏசினாராம், பிறகு தானே பின்பக்கத்தைப் பிடித்துத் தந்தாராம். இன்னும் அளவு வரவில்லை. வாடைக் காற்று கொஞ்சம் விடவேண்டுமாம்.