வைகாசி, பச்சை வெளிச்சம்

மே 14, புதன்

இன்று பள்ளிக்கூடம் தொடங்கியது. எட்டாம் வகுப்புக்குப் பின்னம் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது மணிக்கட்டில் மணிக்கூடு அதிர்ந்தது. இவர்தான். "சாப்பிட்டாச்சா?" கத்தாரில் அப்போது காலை ஏழரை, வேலைக்குப் போகிற பஸ்ஸுக்குள் இருந்து எழுதியிருப்பார். பிள்ளைகளுக்கு முன்னால் போனை எடுக்க எனக்கு விருப்பமில்லை. கையைத் திருப்பி ஒரு தரம் பார்ப்பதில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அப்படியே விரலால் தள்ளி அடுத்ததையும் பார்த்தேன். 82. நின்றுகொண்டு படிப்பிக்கும்போது நாடி 82 நல்லது.

மே 15, வியாழன்

இரவு கரண்ட் போய்விட்டது. மணிக்கூடு 9 வீதத்தில் கிடந்தது, பிறகு அதுவும் இல்லை. வெறுங்கையோடு படுத்தேன். நெஞ்சுப் பாய்ச்சல் ஒன்றும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மே 17, சனி

வந்தது. 2.40க்கு.

முழித்தபோது நெஞ்சு ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. இது மெல்ல மெல்லக் கூடுவதில்லை. இல்லாமல் இருக்கும், அடுத்த கணம் சுவிட்ச் போட்ட மாதிரி முழு வேகத்தில் இருக்கும். நுளம்பு வலைக்குள் கிடந்தபடி கையைத் தூக்கினேன். வாரின் ஓரத்தால் பச்சை வெளிச்சம் கசிந்து வலையில் பட்டது. 171. கொஞ்சம் பொறுத்து 174. தொண்டைக்குள் துடிப்பது காதில் கேட்டது. பக்கத்தில் மகள் வாயைத் திறந்தபடி நித்திரை. எழுப்பவில்லை. 169. 173. பிறகு ஒரு அடி பலமாக விழுந்தது. 96.

அந்த வெளிச்சம் ஏன் பச்சை என்று தம்பி ஒரு நாள் வீடியோ கோலில் விளக்கினான். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் அடிக்கும் ஒவ்வொரு தரமும் மணிக்கட்டில் இரத்தம் கூடுவதால் திரும்பி வரும் வெளிச்சம் குறையும், அடுத்த அடிக்கு முன் பழையபடி கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுவதுதான் இதன் வேலை. நெஞ்சுக்குள் மின்சாரம் எந்த வழியால் போகிறது என்று இதற்குத் தெரியாது. ஈசிஜி எடுக்கிற மணிக்கூடுகளும் இருக்கின்றன. பொத்தானில் விரலை வைத்து 30 வினாடி அசையாமல் இருக்க வேண்டுமாம். என்னுடையதில் அது இல்லை.

விடிந்ததும் போனில் வரைபடத்தைப் பார்த்தேன். இரண்டே இரண்டு புள்ளி. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அளக்கும்படிதான் இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது. கால் மணித்தியாலம் நெஞ்சு பாய்ந்ததற்கு இரண்டு புள்ளி! தொடர்ந்து அளக்கும்படி மாற்றிவிட்டேன். பற்றரி போனால் போகட்டும்.

மாசியில் ஒரு டொக்டரிடம் போனேனே, அது இன்னும் ஆறவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் நெஞ்சு அடங்கிவிட்டது, ஈசிஜித் தாளும் சாதுவாக வந்தது. "புருசன் வெளிநாட்டில, யோசனை கூட, அதுதான்" என்றார். நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். எனக்கு யோசனை இருக்கிறதுதான். யோசனை 2.40க்கு 174ஆக வந்து ஒரே அடியில் நிற்காது.

மே 18, ஞாயிறு

கோயிலடியில் கஞ்சி கொடுத்தார்கள். அம்மா, மகள், நான் மூன்று பேரும் போய்ச் சிரட்டையில் வாங்கிக் குடித்தோம். இன்று எண் பார்க்கவில்லை.

மே 20, செவ்வாய்

அம்மா கேட்கிறா: "அதக் கழட்டினா நெஞ்சு நிண்டிருமாகா?"

மே 21, புதன்

பற்றரி காலை ஐந்தரைக்கு 100. இரவு ஒன்பதுக்கு 14. தொடர்ந்து அளக்கத் தொடங்கியதில் இருந்து இப்படித்தான்.

முதலில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் முகப்பை நிறுத்தினேன். அப்புறம் கையைத் தூக்கினால் திரை விழிப்பதை. அப்புறம் நாம் கூப்பிடுவோம் என்று காதைத் தீட்டிக் காத்திருக்கிற கூகுள் உதவியாளரை, வைஃபையை. பள்ளிக்கூட வட்ஸ்அப் குழு கையில் வராமல் செய்தேன். இவருடையது மட்டும் வரும். தம்பி முன்பு அனுப்பிய சின்னப் பட்டி ஒரு தரம் ஏற்றினால் ஒரு கிழமைக்கு மேல் கிடக்கும், ஆனால் அதற்கு வேறு ஒன்றும் தெரியாது. இது ஆன்ட்ராய்டு. உள்ளே ஒரு முழுப் போன் வேலை செய்கிறது, போனுக்குள்ள பசியெல்லாம் இதற்கும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் போட வேண்டும் என்பதில் எனக்குக் குறையில்லை. எப்போது போடுவது என்பதுதான் என் பிரச்சினை.

எனக்கு வருவதெல்லாம் இரவு இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில். அப்போது கையில் இருந்தே ஆக வேண்டும். ஆகவே காலையில் குளிக்கப் போகும்போது ஒரு தரம், பின்னேரம் புட்டு அவிக்கும்போது ஒரு தரம். அந்தக் காந்த வட்டில் மணிக்கூட்டைச் சரியாகப் பொருத்தி, மின்னல் குறி வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவது. ஒரு மயிரிழை விலகினாலும் ஏறாது. இரவு பத்துக்கு 40 இல்லாமல் படுப்பதில்லை.

மே 22, வியாழன்

இரவு பத்துக்கு 61.

மே 24, சனி

பின்னேரம் கல்லடிப் பாலத்தில் மகளோடு நடந்தேன். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், பக்கத்தில் 2013இல் திறந்த புதியது. நாங்கள் பழையதில்தான் நடப்பது. வாவிக்காற்று நல்ல காற்று. நடுவில் வரும்போது பார்த்தேன், 118. மூச்சு வாங்கவில்லை, வேர்க்கவும் இல்லை, பிறகு ஏன் 118? நின்று கழுத்தில் இரண்டு விரலை வைத்து, மகளை 15 வினாடி பார்க்கச் சொல்லி எண்ணினேன். 23. நாலால் பெருக்கினால் 92. மணிக்கூடு இன்னும் 118 என்கிறது. கொஞ்ச நேரத்தில் அதுவும் 94க்கு இறங்கியது.

இரவு தம்பியிடம் கேட்டேன். நடக்கும்போது கை வீசுகிற தாளத்தை இது சில நேரம் நாடி என்று எடுத்துவிடுமாம். நிமிடத்துக்கு 118 காலடி எடுத்து வைத்திருக்கிறேன், அதைத்தான் காட்டியிருக்கிறது. வார் தளர்ந்திருந்தால் இன்னும் கூட நடக்கும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, இறுக்கமாக, ஆனால் இரத்தம் நிற்காமல். இதைத் தெரிந்துகொண்டதில் எனக்கு மனம் லேசாகிவிட்டது. அப்படியென்றால் 2.40க்குக் கண்டது? அப்போது நான் நடக்கவில்லை, கிடந்தேன். கை அசையவில்லை. அது நெஞ்சேதான். கிளினிக்கில் கேட்டால் இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். இனி ஒவ்வொரு தரமும் கழுத்திலும் எண்ணுவது.

(காலடிக் கணக்கிலும் இப்படித்தான். மா அரித்தாலே நடந்ததாக எண்ணுகிறது. இரண்டு கையிலும் சாமான் பையோடு சந்தையில் இருந்து வந்தால் பாதிதான் சேர்கிறது.)

மே 26, திங்கள்

கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. பஸ்ஸுக்குள் முகம் எரிகிறது. வாருக்குக் கீழே வேர்த்துச் சிவந்து, வட்டமாக ஒரு தழும்பு. இடது கையில் இருந்து வலது கைக்கு மாற்றினேன், அமைப்பிலும் மாற்ற வேண்டுமாம், மாற்றினேன். வலது கையில் இருக்கும்போது கரும்பலகையில் எழுத உறுத்துகிறது. ரப்பர் வாரைக் கழற்றிவிட்டுத் துணி வார் ஒன்று வாங்க வேண்டும்.

மே 28, புதன்

மணிக்கூட்டின் பக்கவாட்டுப் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தினால் அவசரக் கோல் போகும். யாருடைய இலக்கத்தைப் போடுவது என்று நேற்று முழுக்க யோசித்தேன். இவருக்குப் போட்டால் அங்கிருந்து அந்த மனுசன் என்ன செய்வார், பதறுவதைத் தவிர? அம்மாவுக்குப் போன் எடுக்கத் தெரியும், கொடுக்கத் தெரியாது. மதிலுக்கு அந்தப் பக்கத்து மாமியைப் போட்டேன். மகனிடம் ஓட்டோ இருக்கிறது. மாமியிடம் போய்ச் சொன்னேன். "ஓம் மகள், சாமத்திலயும் அடி, நான் தூங்கிறதெங்க" என்றா. மகளுக்கு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை மனப்பாடமாக்கிவிட்டேன். மணிக்கூட்டுக்குத் தனிச் சிம் இல்லாததால் போன் பக்கத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். ஆகவே போனும் தலைமாட்டில்.

இரவு பத்துக்கு 44.

மே 30, வெள்ளி

கிளினிக். ஆறரைக்குப் போய் நம்பர் எடுத்தும் பதினொன்றாகிவிட்டது. வாங்கில் இருந்தபடியே 104. பயத்தில்தான், அது எனக்கே தெரியும், ஒரேயடியாக ஏறவில்லை.

டொக்டர் இளம் பிள்ளை. போனை வாங்கிப் பார்த்தா. முழுதாகப் பார்த்தா! 17ஆம் திகதியை விரலால் பெருப்பித்துப் பார்த்தா. "எப்படித் தொடங்கும், எப்படி நிற்கும்?" என்று கேட்டா. ஒரு அடியில் நிற்கும் என்றேன். தலையாட்டினா. "இதில வேகம்தான் தெரியும் ரீச்சர், என்ன மாதிரித் துடிப்பு எண்டு தெரியாது. அது வாற நேரம் ஈசிஜி எடுக்கோணும்." 24 மணித்தியாலமும் ஈசிஜி எடுக்கும்படி உடம்பில் கட்டுகிற ஹோல்டர்ப் பெட்டிக்கு எழுதினா. தைரொயிட்டுக்கு இரத்தம். வரும்போது உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை முக்கச் சொன்னா, 15 வினாடி, பிறகு உடனே படுத்துக் காலைத் தூக்க வேண்டும். மயக்கம் வந்தால், நெஞ்சு நொந்தால், அல்லது நிற்காமல் போனால் எதையும் பார்க்காமல் வரச் சொன்னா.

யோசனை என்று அவ சொல்லவே இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

ஹோல்டர் கட்டியாயிற்று. நெஞ்சில் ஒட்டிய வில்லைகள், வயர், இடுப்பில் பெட்டி. குளிக்கக் கூடாது. கச்சானில் குளிக்காமல்! மணிக்கூட்டையும் கழற்றவில்லை. இரண்டும் ஒன்றைச் சொல்கிறதா என்று நானும் பார்க்க வேண்டும். வரட்டும். இன்றைக்கு வரட்டும்.

ஜூன் 4, புதன்

வரவில்லை. இரவெல்லாம் 64, 66, 63. பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 5, வியாழன்

3.10. 168. பெட்டியைக் கழற்றிக் கொடுத்த அன்று இரவே. முக்கினேன், படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்தேன், நிற்கவில்லை. தானாக நிற்கும்போது 3.21. இம்முறை வரைபடம் முழுதாக இருக்கிறது, செங்குத்தாக ஏறி, மட்டமாகப் போய், செங்குத்தாக விழுகிறது. போனில் படம் எடுத்து இவருக்கு அனுப்பினேன். "லீவு கேக்கிறன்" என்று மட்டும் பதில் வந்தது.

ஜூன் 9, திங்கள்

அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு. அம்மா காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் இல்லை. வருசத்தில் இந்தக் கொஞ்ச நாளைக்குத்தான் அம்மன் கதவு திறக்கிறது, போகாமல் இருக்க முடியாது. சனத்துக்குள் நிற்க வேண்டாம் என்று மாமி சொன்னா, நான் நின்றேன். வேப்பிலை வாசமும் பறைச் சத்தமும். குளிர்த்திப் பாட்டுப் படிக்கும்போது அம்மா என் கையை எடுத்து மணிக்கூட்டுக்கு மேல் தன் கையை வைத்து மூடிக்கொண்டா. எவ்வளவு என்று தெரியாது. நெஞ்சு நன்றாக இருந்தது, அது மட்டும் தெரியும்.

ஜூன் 12, வியாழன்

பள்ளிக்கூடத்தில், பகலில். முதல் தரம் பகலில்.

ஒன்பது இருபதுக்குக் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். குனிந்து சிவப்புப் பேனையை எடுத்தேன், தொடங்கிவிட்டது. 186. முக்கினேன். ஆசிரியர் அறை வாங்கில் படுத்தேன். 186. அதிபர் ஓட்டோவைப் பிடித்துவிட்டார், பக்கத்து ஆசுபத்திரிக்கு ஆறு நிமிடம். வழியெல்லாம் நான் கேட்டது ஒன்றுதான்: நிற்காதே. இப்போது நிற்காதே, கொஞ்சம் பொறு. வாழ்க்கையில் முதல் தரம் அது நிற்கக் கூடாது என்று கும்பிட்டேன்.

நிற்கவில்லை. வயர்களைப் பொருத்தினார்கள், தாள் ஓடியது, நர்ஸ் மிஸி கிழித்து எடுத்து டொக்டரிடம் நீட்டினா. "எஸ்விடி" என்றார் அவர், எனக்கில்லை, பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு. இதயத்தின் மேல்பக்கத்தில் இருந்து திடீரென்று தொடங்குகிற வேகத் துடிப்பாம். முழங்கை மடிப்பில் ஊசி ஏற்றினார்கள். "அஞ்சாறு வினாடி நெஞ்சு அமத்தும், கெட்ட யோசனை வரும், உடனே போயிரும், பயப்படாதீங்க." மருந்து 6 மில்லிகிராம். ஒன்றும் இல்லை. 12. அப்போது வந்தது, முகமெல்லாம் சூடேறி, யாரோ நெஞ்சில் ஏறி இருந்து, இனி இல்லை என்று நினைத்தேன், மகளை நினைத்தேன். பிறகு ஒரு அடி. இன்னொரு அடி. தாளில் அந்த இடம் மட்டும் வெறும் கோடாகக் கிடக்கிறது. பிறகு 94.

அழுதேன். மிஸி நோகுதா என்று கேட்டா. நோவில்லை, மிஸி. பெயர் இருக்கிறது. அட்டையில் எழுதித் தந்திருக்கிறார்கள்.

மாசியில் கண்ட டொக்டரிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் போல இருக்கிறது. கோபத்துக்கு இல்லை. அடுத்ததாக அவரிடம் வருகிற பெண்ணுக்காக.

ஜூன் 13, வெள்ளி

மணிக்கூட்டு வரைபடத்தில் 186, 186, 186, ஒரு சின்ன இடைவெளி, 94. தாளையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

கொழும்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தொடையடியால் வயரை இதயத்துக்குள் விட்டு, மின்சாரம் தவறாகச் சுற்றுகிற குறுக்கு வழியைக் கண்டுபிடித்துச் சுடுவார்களாம். திகதி வரவில்லை. அதுவரைக்கும் குளிசை, காலையில் பாதி, இரவில் பாதி. இவருக்கு லீவு ஆடியில்தான்.

ஜூன் 18, புதன்

குளிசை வேலை செய்கிறது. இரவில் 54, விடியப்புறம் 52. இவ்வளவு நாளும் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது கீழே. 50க்குக் குறைந்தால் அதிரும்படி வைத்திருக்கிறேன். கிளினிக்கில் மறக்காமல் கேட்க வேண்டியது: நித்திரையில் எதுவரைக்கும் இறங்கலாம்? தலை சுற்றினால் மட்டும் பார்ப்பதா, இல்லாமலே 48 கண்டால் அடுத்த பாதியைப் போடாமல் விடுவதா